அளந்தவர் சொல்: பொது ஆய்கூடமும் உரையளவையும்

அளவை என்னும் சொல் தமிழில் இருவேறு பொருளில் பயின்று வருவது. நாழியும் மரக்காலும் கொண்டு நெல்லை அளப்பது அளவை. ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாய் அமையும் காட்சி, அனுமானம் முதலியனவும் அளவையே. முன்னையது சந்தைக்குரியது, பின்னையது மெய்யியலாருக்குரியது என இவற்றைப் பிரித்து நோக்குதலே பெருவழக்கு. ஆயினும் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமொன்று இக்கால மருத்துவ ஆராய்ச்சியில் உண்டு. மனித உடலில் மூளும் அழற்சியை அளந்து, அவ்வளவை எண்ணாக எழுதிப் பிற ஆராய்ச்சியாளர்க்கு அனுப்பும் பொது ஆய்கூடமே அவ்விடமாகும்.

அழற்சியைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்ட ஆராய்ச்சியாளர் பலர், அதனைத் தாமே அளப்பதில்லை. குருதி மாதிரிகளைக் குளிரூட்டிப் பெட்டியிலிட்டுத் தொலைவிலுள்ள ஆய்கூடத்திற்கு அனுப்புகின்றனர். சில வாரங்களின் பின் எண்கள் வந்து சேர்கின்றன. அவ்வெண்களைக் கொண்டே எம்மருந்து நன்று, எவருக்கு ஆபத்து மிகுதி என்னும் முடிவுகள் எட்டப்படுகின்றன. தாம் காணாத ஒன்றை, தாம் அறியாத ஒருவர் அளந்து சொன்ன எண்ணைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியாளர் பெறும் அறிவு எவ்வகை அறிவு? அவ்வெண் பிழைபட்டவிடத்து அதற்குப் பொறுப்பாளர் யாவர்? முதல் வினா அறிவாராய்ச்சியியலைச் சார்ந்தது. இரண்டாவது அறவியலைச் சார்ந்தது. முதல் வினாவுக்கு விடை காணாது இரண்டாவதற்கு விடை காண்டல் அரிது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அழற்சி என்னும் சொல் அழல் என்பதன் வழிவந்தது. சிவத்தல், வீங்குதல், வெம்மையுறல், நோதல் ஆகிய நான்கையும் அதன் குறிகளாக உரோம நாட்டு அறிஞர் செல்சசு கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தார். இந்நான்கனுள் முதல் மூன்றையும் அருகிருப்பவர் கண்டும் தொட்டும் அறியலாம். நோவை அதனை உடையவரே அறிவார். ஆனால் மூட்டின் உள்ளேயும், குருதிக்குழாயின் சுவரிலும், நுரையீரலின் ஆழத்திலும் மூளும் அழலுக்கு இத்தகைய புறக்குறிகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. அதனை அறிதற்கு வேறு அடையாளங்கள் வேண்டப்பட்டன.

சுவீடன் நாட்டு மருத்துவர் றொபின் ஃபோறேயசு 1918இல் ஓர் அடையாளத்தை விரிவாக ஆராய்ந்தார். உறையாதவாறு செய்யப்பட்ட குருதியை ஒடுங்கிய நெடுங்குழாயில் நிறுத்தி வைத்தால் செங்குழியங்கள் மெல்ல அடியிற் படியும். அழற்சி உள்ளவரின் குருதியில் அப்படிவு விரைவாக நிகழும். ஒருமணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் படிந்தது என்பதே அளவு. 1930இல் நியூயோர்க்கிலுள்ள றொக்பெலர் நிறுவகத்தில் வில்லியம் ரிலற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் மற்றோர் அடையாளத்தைக் கண்டனர். நியூமோனியா நோயாளரின் நீர்ப்பாயத்தோடு அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ‘சீ’ என்னும் பதார்த்தத்தைக் கூட்டியபோது வீழ்படிவு தோன்றியது. நோய் தணிந்தபின் அத்தன்மை மறைந்தது. இதற்குக் காரணமான புரதம் பின்னர்ச் சீ-தாக்கப் புரதம் எனப் பெயர்பெற்றது. ஈரலில் உண்டாகும் இப்புரதம் கடும் அழற்சியின்போது ஓரிரு நாள்களில் ஆயிரமடங்குவரை பெருகவல்லது. ஈரலை அவ்வாறு தூண்டும் பொருள்களுள் தலையாயது இன்ரலூக்கின்-6 என்னும் பிறிதொரு புரதம் ஆகும்.

அளவை நூல்களைப் பயின்றோர்க்கு இவ்விடத்தில் பழைய உதாரணம் ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பு. மலையிற் புகை கண்டு அங்கு நெருப்பு உண்டெனத் துணிவதே அனுமானத்துக்கு அந்நூல்கள் காட்டும் உதாரணம். உடலின் உள்ளே மூண்ட அழலுக்குச் சீ-தாக்கப் புரதம் புகையாகின்றது. புகை எங்கிருந்து எழுகின்றது என்பதை அது சொல்வதில்லை. பல்லில் மூண்டதா, மூட்டில் மூண்டதா என்பதை வேறு வழியாலேயே அறிதல் வேண்டும். புகையை நெருப்பெனக் கொள்ளும் மயக்கமும் இத்துறையில் நேர்ந்ததுண்டு. இப்புரதம் மிகுந்தோர்க்கு இதயநோய் மிகுதியாக வருவதைக் கண்டு, புரதமே நோய்க்குக் காரணமோ எனச் சிலர் ஐயுற்றனர். ஆனால் அப்புரதத்தைச் சற்று மிகுதியாக உண்டாக்கும் மரபணு வேறுபாட்டைப் பிறப்பிலேயே உடையோர்க்கு இதயநோய் அதற்கேற்ப மிகுவதில்லை என்பதை 2009இலும் 2011இலும் வெளிவந்த பெரும் மரபியல் ஆய்வுகள் காட்டின. அடையாளம் அடையாளமாகவே நின்றது.

அளக்கப்படும் பொருளின் சிறுமை இத்துறையின் மற்றோர் இடர்ப்பாடாகும். நலமுள்ள ஒருவரின் குருதியில் ஒரு மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம் அளவு இன்ரலூக்கின்-6 மாத்திரமே காணப்படும். ஒரு கிராமை இலட்சங்கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறே பிக்கோகிராம். இத்துணைச் சிறிய அளவுகளை அளத்தற்குரிய முதல் வழியை 1950களின் இறுதியில் நியூயோர்க்கைச் சேர்ந்த றொசாலின் யாலோ, சொலமன் பேர்சன் ஆகிய இருவரும் கதிர்த்தொழிற்பாடுடைய பதார்த்தங்களைக் கொண்டு வகுத்தனர். 1971இல் சுவீடனிலும் ஒல்லாந்திலும் தனித்தனியே உருவான எலைசா முறை, கதிர்த்தொழிற்பாட்டுக்குப் பதிலாக நொதியங்களைக் கையாண்டது. பிளாஸ்ரிக் தட்டொன்றிலுள்ள சிறு குழிகளில் பிறபொருளெதிரிகள் ஒட்டப்பட்டிருக்கும். தேடப்படும் புரதம் அவற்றிற் சிக்கிக்கொள்ளும். நொதியம் இணைக்கப்பட்ட இன்னொரு பிறபொருளெதிரி அதன்மேற் பற்றும். இறுதியில் சேர்க்கப்படும் திரவம் நிறம் மாறும். அந்நிறத்தின் செறிவை, அளவு முன்னரே தெரிந்த நியமக் கரைசல்கள் தரும் நிறத்தோடு ஒப்பிட்டே எண் பெறப்படும்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆய்கூடத்தில் அளப்பவரும் இன்ரலூக்கினைக் காண்பதில்லை, நிறத்தையே காண்கின்றார். எனவே அவரது அறிவும் அனுமானமே. அவ்வனுமானம் நியமக் கரைசலைச் சார்ந்தது. நியமம் தவறின் அளப்பவர் எத்துணைக் கவனமுடையவராயினும் எண் தவறும். ஊருக்கொரு மரக்கால் இருந்தால் ஊர்களுக்கிடையே நெல் வாணிகம் நடவாது என்பது போன்றதே இதுவும்.

மரக்கால் வேறுபடுதற்கு முன் பெயரே வேறுபட்டிருந்த காலமும் உண்டு. 1980களில் வெவ்வேறு ஆய்கூடங்கள் வெவ்வேறு தொழிற்பாடுகளைத் தேடிச் சென்று, தாம் கண்ட பொருள்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டன. ஒருவர் ஈரற்கலங்களைத் தூண்டும் காரணி என்றார். மற்றொருவர் இன்ரபெரோன் வகையுள் ஒன்றெனக் கருதினார். ஜப்பானின் ஒசாக்காவில் ஆராய்ந்தோர் பிறபொருளெதிரியை உண்டாக்கும் கலங்களைத் தூண்டும் காரணியாக அதனைக் கண்டு, 1986இல் அதன் மரபணுவை இனங்காட்டினர். அவை யாவும் ஒரே பொருள் எனத் தெளிந்த பின்னரே இன்ரலூக்கின்-6 என்னும் பொதுப்பெயர் நிலைபெற்றது. தத்தம் பெயரைக் கைவிட்டுப் பொதுப்பெயரை ஏற்றல் ஆராய்ச்சியாளர்க்குச் சிறு இழப்பன்று. கண்டவர் நாமே என்னும் உரிமையின் ஒரு பகுதியை அவர்கள் அதனோடு கைவிட்டனர்.

பொது அளவுக்கான முயற்சி இதற்கு நெடுங்காலம் முற்பட்டது. 1897இல் ஜெர்மனியில் போல் எர்லிக், தொண்டைக்கரப்பனுக்குரிய எதிர்நஞ்சின் வலுவை அளத்தற்கு உலர்த்திய நீர்ப்பாயம் ஒன்றை நியமமாக வைத்தார். ஒவ்வொரு தொகுதி மருந்தும் வெவ்வேறு வலுவுடையதாய் இருந்தமையால் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதே அக்காலத்தில் உயிர் காக்கும் வினாவாயிருந்தது. 1924இல் சர்வதேசச் சங்கம் உயிரியல் நியமங்களுக்கென நிரந்தர ஆணைக்குழுவொன்றை நிறுவியது. இரண்டாம் உலகப்போரின் பின் உலக சுகாதார நிறுவனம் அப்பணியை ஏற்றது. 1980களிலிருந்து சீ-தாக்கப் புரதத்துக்கும் இன்ரலூக்கின்களுக்கும் உலக நியமங்கள் உண்டாயின. உறைநிலையில் உலர்த்திக் கண்ணாடிச் சிமிழில் அடைத்த அந்நியமங்கள், இலண்டனுக்கு அண்மையிலுள்ள உயிரியல் நியம நிறுவகத்திலிருந்து பல நாடுகளுக்கும் செல்லலாயின. 1993இல் ஐரோப்பாவில் வெளியிடப்பட்ட பொது ஒப்பீட்டு நீர்ப்பாயம், சீ-தாக்கப் புரதம் உட்படப் பல குருதிப் புரதங்களின் அளவுகளை ஆய்கூடங்களுக்கிடையே ஒருமைப்படுத்தியது.

நியமம் ஒன்றானாலும் கை பலவாயின் வேறுபாடு நேரும். குருதி எடுத்தபின் எத்தனை மணிநேரம் வெளியே இருந்தது, எத்தனை முறை உறைந்து உருகியது, எக்கம்பனியின் பிறபொருளெதிரி பயன்பட்டது என்பன யாவும் எண்ணை மாற்றவல்லன. சிறப்பாக இன்ரலூக்கின்-6ஐப் பொறுத்தவரை, வெவ்வேறு கருவிகளும் வெவ்வேறு முறைகளும் ஒரே மாதிரிக்குத் தரும் எண்கள் இன்றும் முற்றாக ஒன்றுபடுவதில்லை. இதனாலேயே பெரிய ஆய்வுகள் எல்லா மாதிரிகளையும் ஒரே ஆய்கூடத்திற்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கைக்கொண்டன. ஐக்கிய அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய முதியோர் இதயநல ஆய்வு இதற்கு நல்லதோர் உதாரணமாகும். வட கரோலைனா, கலிபோர்னியா, மேரிலாந்து, பென்சில்வேனியா ஆகிய நான்கு மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதேசத்திலிருந்து, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 5,888 பேர் அதிற் பங்குகொண்டனர். அவர்தம் குருதி வேமொன்ற் பல்கலைக்கழகத்தின் ஆய்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு உறைநிலையிற் காக்கப்பட்ட அக்குருதியில், பல ஆண்டுகளின் பின் சீ-தாக்கப் புரதமும் அளக்கப்பட்டது. கலிபோர்னியாவின் முதியவர் ஒருவரது அழற்சியையும் மேரிலாந்தின் முதியவர் ஒருவரது அழற்சியையும் ஒப்பிடுதல் இவ்வேற்பாட்டாலேயே இயல்வதாயிற்று.

ஆனால் இவ்வேற்பாடு நவீன விஞ்ஞானம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தொன்றுக்கு முரணானது போலத் தோன்றுகின்றது. 1660இல் இலண்டனில் தோன்றிய றோயல் சங்கம் எவருடைய சொல்லையும் ஏற்பதில்லை என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகத்தைத் தன் குறிக்கோளாகப் பொறித்துக்கொண்டது. முன்னோர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏலாது தானே சோதித்து அறிதலே அதன் நோக்கம். பொது ஆய்கூடத்தின் எண்ணை ஏற்பவரோ சோதித்தவர் சொல்லையே ஏற்கின்றார். 1985இல் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ஹாட்விக் இதனை ஒரு கட்டுரையில் எடுத்தாராய்ந்தார். தொண்ணூற்றொன்பது பெயர்களோடு வெளிவந்த பௌதிகவியற் கட்டுரையொன்றைச் சுட்டி, அதன் முழு ஆதாரத்தையும் அறிந்தவர் அத்தொண்ணூற்றொன்பது பேருள் ஒருவரும் இலர், எனின் அதனை அறிந்தவர் யார் என அவர் வினவினார். பிறர் சொல்லைச் சார்ந்திராத அறிவு இக்கால விஞ்ஞானத்தில் அரிது என்பதே அவர் கண்ட முடிபு.

தமிழ் மெய்யியல் மரபுக்கு இவ்வினா புதியதன்று. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அளவைகள் பலவெனப் பிறர் கூறுவனவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உணர்த்தும் பௌத்த அளவையோ காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டையே கொள்ளும்; ஏனையவை யாவும் கருத்தளவையுள் அடங்கும் என்பது அம்மதம். எனவே பிறர் சொல்லால் வரும் அறிவு தனித்தவோர் அளவையா, அன்றிச் சொன்னவரின் தகுதியை நோக்கிச் செய்யும் அனுமானமா என்பது இவ்விரு மரபுகளுக்கும் இடைப்பட்ட வழக்கெனலாம். பொது ஆய்கூடம் அவ்வழக்கைப் புதியதோர் அரங்கில் மீண்டும் எழுப்புகின்றது.

முதலிற் பௌத்தர் கட்சியை நோக்கலாம். ஆய்கூடத்தை நம்புதற்கு அதன் சொல்லை வாளாது ஏற்க வேண்டியதில்லை. அதனைச் சோதித்து அறியலாம். ஆராய்ச்சியாளர் ஒரே குருதியை இரு சிமிழ்களிற் பகுத்து, வேறுவேறு இலக்கமிட்டு, இரண்டும் ஒன்றே என்பதை ஆய்கூடத்திற்குச் சொல்லாது அனுப்புதல் இத்துறையின் நன்கறிந்த வழக்கம். இரு எண்களும் நெருங்கி நின்றால் ஆய்கூடம் நம்பத்தக்கது. விலகி நின்றால் எவ்வளவு விலகுகின்றது என்பதே அதன் வழுவின் அளவு. இவ்வாறு நோக்கின் ஆய்கூடத்தின் மீதான நம்பிக்கை, புகை கண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்ற அனுமானமேயாகும்.

இக்கட்சி வலுவுடையதாயினும் முற்றுப்பெற்றதன்று. ஒரே அளவாகத் தவறும் ஆய்கூடம் இவ்விரட்டைச் சோதனையில் தேறிவிடும். தட்டாரின் படிக்கல் குறைந்ததாயின் இருமுறை நிறுத்தாலும் அதே பிழையே வரும். அதனைக் கண்டறிய உலக நியமத்தை நாடல் வேண்டும். அந்நியமம் சரியானது என்பதை மற்றோர் ஆய்கூடக் குழுவே சொல்கின்றது. தவிரவும், இரட்டைச் சிமிழ்களை அனுப்பிய உதவியாளர் இலக்கங்களை மாற்றாது எழுதினார் என்பதும் அவர் சொல்லாலேயே அறியப்படுவது. ஓர் உரையைச் சோதித்தற்கு எழுந்த ஒவ்வோர் அனுமானமும் மற்றோர் உரையின் மேலேயே நிற்கின்றது. எங்கோ ஓரிடத்தில் ஒருவர் மற்றொருவரின் சொல்லை நம்பியே ஆகவேண்டும். எனவே உரையைக் கருதலுள் முற்றாக அடக்குதல் இங்கு இயலாததாகின்றது.

ஆயின் சித்தாந்தக் கட்சியையும் அவ்வாறே ஏற்றல் இயலாது. சித்தியார் உரை எனப் போற்றுவது குற்றமற்ற முதல்வனின் வாக்கை. அதன் அதிகாரம் அதன் குற்றமின்மையிலிருந்து பிறப்பது. ஆய்கூடமோ குற்றமுடையது. அதன் கருவி பழுதடையும். உறைபெட்டியின் மின் தடைப்படும். மாலை வேளையில் அளப்பவரின் கண் சோரும். குற்றமுடைய ஒன்றன் சொல் உரையளவையாதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கான விடையே பொது ஆய்கூடத்தின் அறத்தை நிறுவுவது. தன் வழு எவ்வளவு என்பதைத் தானே அளந்து, எண்ணோடு சேர்த்துச் சொல்வதனால் அதன் சொல் நம்பத்தக்கதாகின்றது. பிறர் தன்னைச் சோதித்துப் பிழை காண்பதற்கு வாயிலைத் திறந்து வைப்பதனால் அந்நம்பிக்கை நிலைபெறுகின்றது. அவ்வாயிலை அடைத்துவிட்ட ஆய்கூடம் எத்துணை நுண்ணிய கருவிகளை உடையதாயினும் அதன் எண்ணை ஏற்பதற்கு நியாயம் இல்லை.

இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் தகும். புதிய மருந்தொன்று அழற்சியைத் தணிக்கும் என எதிர்பார்க்கும் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு நூறு மாதிரிகளின் எண்கள் வந்து சேர்கின்றன எனக் கொள்வோம். அவற்றுள் ஆறு எண்கள் அவர் எதிர்பார்ப்புக்கு மாறாக மிக உயர்ந்துள்ளன. அவ்வாறையும் மீள அளக்குமாறு அவர் ஆய்கூடத்தை வேண்டுகின்றார். வேண்டுகோளில் வஞ்சனை எதுவும் இல்லை. வழு நேர்ந்திருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் விரும்பாத எண்களை மாத்திரம் மீள அளந்தால், வழுவால் உயர்ந்தவை தாழும். வழுவால் தாழ்ந்தவை தாழ்ந்தவாறே நிற்கும். பொய் எதுவும் சொல்லப்படாமலே மொத்த முடிவு விரும்பிய பக்கம் சாய்ந்துவிடும். இவ்வேளையில் ஆய்கூடத்தில் இருப்பவர், ஆறையும் மீள அளப்பதாயின் ஏனையவற்றிலும் சிலவற்றை உடன் அளத்தல் வேண்டும், அன்றேல் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் இரண்டுமே அறிக்கையில் நிற்றல் வேண்டும் எனச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆய்கூடமோ கட்டணம் பெற்று இயங்குவது. வேண்டியவர் அதன் வாடிக்கையாளர். மறுத்தால் அடுத்த ஆய்வின் மாதிரிகள் வேறிடம் செல்லக்கூடும். மாதச் சம்பளம் பெறும் ஓர் உத்தியோகத்தர், தன் பெயர் கட்டுரையில் இடம்பெறாத நிலையில், இந்தச் சிறு மறுப்பைச் சொல்வாரா என்பதில் ஆய்வின் உண்மை தங்கியிருக்கின்றது.

அளவுகாண் எல்லைக்குக் கீழ்ப்பட்ட மாதிரிகளிலும் இதே சோதனை எழும். கருவி உணரமாட்டாத சிற்றளவை ‘அளக்க இயலவில்லை’ என எழுதுதல் நேர்மை. ஆனால் வெற்றிடங்கள் நிறைந்த அட்டவணையை எவரும் விரும்புவதில்லை. கருவி காட்டிய உறுதியற்ற எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்தால் பெறுபவர் மகிழ்வார். அறியாததை அறியவில்லை எனச் சொல்லும் துணிவு, பொது ஆய்கூடத்தைப் பொறுத்தவரை, தொழிலின் உள்ளேயே அடங்கிய கடமையாகும்.

இனி, பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்குத் திரும்பலாம். பணியைப் பகிர்தலால் பொறுப்பும் பகிரப்படுகின்றது என்பர். நடைமுறையில் நேர்வது பெரும்பாலும் வேறு. எண்ணை நான் தரவில்லை, ஆய்கூடம் தந்தது என்பார் ஆராய்ச்சியாளர். அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பது எமக்குரியதன்று என்பார் ஆய்கூடத்தார். இருவருக்கும் நடுவே பொறுப்பு மறைந்துபோகின்றது. உரையளவையின் இயல்பை நோக்கின் இவ்விரு சாட்டுகளும் நில்லா. சொல்பவர் தாம் சொன்னதன் எல்லையைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஏற்பவர் அவ்வெல்லையைக் கேட்டறியக் கடமைப்பட்டவர். வழுவின் அளவைக் கேளாது எண்ணை மாத்திரம் பெற்றுக்கொண்டவர், அளந்தவரின் பிழையில் தாமும் பங்காளியாகின்றார்.

இக்கடமை இருவருக்கும் இடைப்பட்ட ஒப்பந்தம் மாத்திரம் அன்று. மூன்றாமவர் ஒருவரும் உளர். அவரே குருதி கொடுத்தவர். தம் குருதி எந்த ஊருக்குச் செல்கின்றது, எவர் கையால் அளக்கப்படுகின்றது என்பதை அவர் சோதிக்க இயலாதவர். ஒப்பமிட்ட நாளில் பெயரே இல்லாதிருந்த சோதனைகள் ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் குருதியிற் செய்யப்படலாம். உரையை நம்புவதைத் தவிர வேறு வழியே இல்லாதவர் அவர் ஒருவரே. அவருக்கும் அவரைப் போன்ற நோயாளருக்கும் அவ்வெண் யாது செய்யவல்லது என்பதை 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்று உணர்த்தியது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பிரித்தானிய மருத்துவமனைகளில் நடந்த ‘றிகவரி’ ஆய்வில், இன்ரலூக்கின்-6இன் தொழிற்பாட்டைத் தடுக்கும் ரொசிலிசுமாப் என்னும் மருந்து பரிசோதிக்கப்பட்டது. ஒட்சிசன் குறைந்தோருள், சீ-தாக்கப் புரதம் ஒரு லீற்றருக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளவர்களே அதற்குத் தெரிவாயினர். பங்குகொண்ட 4,116 பேருள், மருந்து பெறுமாறு ஒதுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 31 பேரும், வழமையான சிகிச்சைக்கு மாத்திரம் ஒதுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 35 பேரும் 28 நாள்களுள் இறந்தனர் என 2021இல் வெளியான முடிவு கூறிற்று. இன்ரலூக்கினையே தடுக்கும் மருந்தாயினும் எல்லா மருத்துவமனைகளிலும் எளிதில் அளக்கத்தக்க புரதமே வாயிலாகக் கொள்ளப்பட்டது என்பது கருதத்தக்கது. ஓர் ஊரின் 75 மற்றோர் ஊரின் 75 ஆக இருந்தமைக்குப் பின்னால், நியமச் சிமிழ்களைப் பல்லாண்டு ஒப்பிட்டு வந்த பெயரறியாப் பலரின் உழைப்பு நின்றது.

அளவு பொதுவாதல் வேண்டும் எனின் அளக்கும் வழியும் பொதுவாதல் தகும். யாலோவும் பேர்சனும் தம் முறைக்கு ஆக்கவுரிமை பெறவில்லை. 1975இல் கேம்பிறிட்ஜில் மில்ஸ்ரைன், கோலர் ஆகியோர் ஒரே வகைப் பிறபொருளெதிரிகளை வேண்டியவளவு உண்டாக்கும் வழியைக் கண்டபோதும் அதற்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை. இன்று உலகெங்கும் உள்ள ஆய்கூடங்கள் இவ்விரு கொடைகளின் மேலேயே இயங்குகின்றன. இதற்கு மாறான போக்கும் பின்னர் எழுந்தது. 2008இல் வெளிவந்த ‘ஜூப்பிற்றர்’ ஆய்வு, கொலஸ்ரரோல் மிகாது சீ-தாக்கப் புரதம் மாத்திரம் மிகுந்த 17,802 பேரிடம் ஒரு மருந்தைப் பரிசோதித்தது. அதன் தலைமை ஆய்வாளர், அழற்சி அடையாளங்களை இதயநோய்க்குப் பயன்படுத்துவது தொடர்பான ஆக்கவுரிமைகளின் கண்டுபிடிப்பாளர்களுள் ஒருவர். இது கட்டுரையிலேயே வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது; ஆதலின் மறைத்தார் என எவரும் குறை கூறல் இயலாது. ஆயினும் அளவுகோலை உடையவர் அளவின் பயனை நிறுவுமிடத்து, கேட்பவர் தம் சோதனையை இரட்டிப்பாக்குதல் நியாயமே. உரிமையைத் தெரிவித்தல், முற்கூறிய வாயிலைத் திறந்து வைத்தலின் மற்றொரு வடிவமாகும்.

பெயர் குறித்து இறுதியாக ஒன்று சொல்லத்தக்கது. றொபேட் பொயிலின் காற்றுப் பம்பியை இயக்கிய உதவியாளருள் பின்னாளில் அறிஞராய் விளங்கிய ஹூக், பப்பின் போன்றோரின் பெயர்களே நின்றன. ஏனையோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. வரலாற்றாசிரியர் ஸ்ரீவன் ஷப்பின் 1989இல் இம்மறைவை எடுத்துக்காட்டினார். பொது ஆய்கூடத்தின் உத்தியோகத்தர் பலரின் நிலை இன்றும் அதுவே. இதனை நன்றி மறத்தல் என மாத்திரம் கொள்ளுதல் போதாது. உரையளவையில் சொன்னவர் யார் என்பது அறிவின் ஒரு பகுதி. சொன்னவரின் பெயரை நீக்கிவிட்டுச் சொல்லை மாத்திரம் வைத்துக்கொண்டால், அச்சொல்லை எவரிடம் சென்று வினவுவது என்பதும் உடன் நீங்கிவிடுகின்றது. அளந்தவரின் பெயரையும், அவர் அளந்த முறையையும், அவர் கண்ட வழுவையும் ஆய்வுக்கட்டுரையில் எழுதுதல் அவருக்குச் செய்யும் நீதி. குருதி கொடுத்தவருக்குச் செய்யும் நீதியும் அதுவே.

எவருடைய சொல்லையும் ஏற்பதில்லை என்னும் பழைய குறிக்கோள் இவ்வகையிற் பொருள் இழந்துவிட்டதாகக் கொள்ள வேண்டுவதில்லை. தனியொருவர் எல்லாவற்றையும் தாமே சோதித்தல் வேண்டும் என்னும் பொருளில் அது இன்று நிறைவேறாது. சொல்பவர் எவராயினும் சோதனைக்கு உட்பட்டே சொல்லுதல் வேண்டும் என்னும் பொருளில் அது இன்றும் நிறைவேறத்தக்கது. அழற்சியின் நான்காம் குறியாகிய நோவை நோயாளி ஒருவரே அறிவார். அவர் அறிந்ததைப் பிறர் அறிய மாட்டார். பிறர் அளந்ததை அவர் சோதிக்க மாட்டார். இவ்விடைவெளியில் நிற்பது அளந்தவர் சொல். அச்சொல்லைக் காப்பது அளப்பவருக்கும் அதனைக் கேட்பவருக்கும் ஒப்ப உரிய கடமையாகும்.